நான்காம் மேசையின் குறிப்புப் பெட்டி

அந்தப் பெடலை வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் குணாளன். ஜார்ஜ் டவுனில், ஜாலான் டத்தோ கிராமாட்டில், ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் இரண்டு மேசைகளும் இருமுகிற ஓர் ஏர்கோனும். தொழிற்சாலைகளில் பொருள்களைச் சோதிக்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கருவி அளக்கும், என் மென்பொருள் அந்த அளவை வாங்கிக் கோப்பில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர்’ என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் மறுநாளே ரிப்பேரான பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பு இருக்கிறதல்லவா, அதற்குள் இருக்கும் மின்பலகையை அங்கே செய்கிறார்கள். செய்த பலகைகளைச் சோதிக்க ஆறு மேசைகள். ஆறிலும் ஓடுவது என் மென்பொருள். நான்காம் மேசையில் ஜெகதீஸ்வரி அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்த வேலைக்கு முன்னால் பத்துப் பதினோரு வருடம் துணி தைக்கும் பேக்டரியில் இருந்தவர். இங்கே வந்து பத்தொன்பது வருடம். பலகையை எடுத்துக் கருவிக்குள் வைப்பார், ஸ்கேனரை நீட்டி அதன் எண்ணைப் படிக்க வைப்பார், மூடியைச் சாத்துவார், மவுஸால் ஸ்டார்ட் பொத்தானை அமுக்குவார், திரையில் கோடு ஓடுவதை அரை நிமிடம் பார்ப்பார். பிறகு அடுத்த பலகை. ஒரு நாளைக்கு நானூறு.

கோட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. ‘குறிப்பு’ என்று பெயர். அளவு எல்லைக்குள் இருந்து, பலகை பாஸ் ஆனாலும், கண்ணுக்கு ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் சோதிப்பவர் அதில் தட்டெழுத வேண்டும் என்பது விதி. தரப் பிரிவுக்காரர்கள் அன்றாடம் அதைப் படித்துப் பார்த்து, வேண்டுமென்றால் சரக்கை நிறுத்துவார்கள். மற்ற ஐந்து மேசைகளிலும் எழுதுவதெல்லாம் ‘ஓகே’, ‘ஓகே’, சமயத்தில் ஒரு ‘ஓகேகே’. மெனக்கெட்டு எழுதியவர் அக்கா ஒருவர்தான். ‘மூடி இறுக்கமாக இருக்கிறது’, ‘இடது ஓரம் கீறல்’ என்று மலாயில் பொறுமையாக ஒரு விரலால் தட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, அவர் எழுதியதைப் படித்துத்தான் ஒருமுறை என் மென்பொருளிலேயே ஒரு கோளாறைப் பிடித்தேன்.

போன மார்ச் மாதம் ஒரு சர்வீஸுக்குப் போயிருந்தபோது அக்கா வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். என்னக்கா என்று கேட்டேன்.

“நாள் முழுக்க அந்த ஸ்டார்ட்ட அமுக்கி அமுக்கி கை போச்சு லா தம்பி. காலு ரெண்டும் சும்மாத்தானே கெடக்கு. தையல் மெஷினுக்கு இருக்கிற மாதிரி கீழ ஒண்ணு வச்சுக் குடேன்.”

என் பையில் ஒரு பெடல் இருந்தது. வேறு ஒரு வேலைக்கு வாங்கி மீந்துபோனது. டீ நேரத்தில் இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டேன். பெடலை மிதித்தால் ஸ்டார்ட். லைன் லீடர் பையன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு நல்லா இருக்கே என்றான். நானே பத்துப் பலகை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக ஓடியது. அக்காவின் கால் பெடலில் போய் உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டும், பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல. எனக்கு அன்றைக்கெல்லாம் மனசு குளிர்ந்து கிடந்தது.

தீபாவளிக்கு அக்கா வழக்கம்போல முறுக்கு கொடுத்துவிட்டார். ஆறு வருடமாகக் கொடுக்கிறார். எனக்கு மட்டுமில்லை, காவலுக்கு நிற்கும் ஜாகாவிலிருந்து கேண்டீன் வரை அந்த வாசலில் தெரிந்த முகத்துக்கெல்லாம் கொடுப்பார்.

டிசம்பரில் அறுபத்து மூன்று பலகைகள் திரும்பி வந்தன. பம்பு சூடானால் மின்னழுத்தம் ஒரு நொடி குதித்துக் கீழே விழுகிறதாம். நல்லவேளை, வாங்கியவர்கள் தங்கள் ஆய்வுக்கூடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரி வரை போகவில்லை. ஆனாலும் தொழிற்சாலையில் எல்லோரும் கோப்புகளைப் புரட்டத் தொடங்கினார்கள். பதிவைப் பார்த்தால் அறுபத்து மூன்றும் நான்காம் மேசையில் பாஸ் ஆனவை.

ஆறு மேசைக்காரர்களையும் கூப்பிட்டு, சோதிக்கும்போது ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் உடனே இல்லை என்றார்கள். அக்கா மட்டும் பார்த்தேன் என்றார். மூடியைச் சாத்தி மின்சாரம் பாய்ந்ததுமே, ஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே, கோடு ஒரு துள்ளு துள்ளும், சில பலகையில் தீய்ந்த வாடையும் வரும், ஒவ்வொன்றுக்கும் குறிப்புப் பெட்டியில் எழுதினேன் என்றார். கோப்பைத் திறந்து பார்த்தார்கள். மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை நான்காம் மேசையின் குறிப்புப் பெட்டியில் ஓர் எழுத்துகூட இல்லை.

இல்லை என்று சொன்ன ஐந்து பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆமாம் என்று சொன்னவர் மாட்டிக்கொண்டார்.

தரப் பிரிவு மேலாளர் ஷாருல் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தட்டெழுதியது பதிவாகாமல் போக வாய்ப்பு உண்டா, எழுத்தில் கையெழுத்தோடு பதில் வேண்டும் என்றார். படித்ததும் எனக்குச் சுருக்கென்று வந்தது. என் மென்பொருளைக் குறை சொன்னால் என் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி எனக்கு ஏறும். இது பிறவிக் குணம், என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று வரி எழுதினேன். குறிப்புப் பெட்டியில் தட்டெழுதியது அனைத்தும் பதிவாகும், மற்ற ஐந்து மேசைகளின் பதிவே அதற்குச் சாட்சி, பெட்டி காலி என்றால் எதுவும் எழுதப்படவில்லை என்று பொருள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுக் கீழே போய்ச் சோறு சாப்பிட்டேன்.

அந்த மூன்று வரி யார் தலையில் போய் இறங்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசிக்காமல் செய்வதில் எனக்கு நிகர் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அக்கா என் ஆபீஸ் படியேறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கடிதம். உள்விசாரணைக்கு வரச்சொல்லி தொழிற்சாலை கொடுத்த கடிதம் அது. இரண்டு குற்றச்சாட்டு. கோளாறைப் பார்த்தும் பதிவு செய்யவில்லை என்பது ஒன்று. பதிவு செய்ததாகப் பொய் சொன்னார் என்பது இன்னொன்று. பின்னால் என் மூன்று வரியையும் இணைத்திருந்தார்கள். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

அக்கா சண்டை போடுவார் என்று நினைத்து நானும் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் சண்டை போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் கேட்டார்.

“வேலை போனா போகட்டும் தம்பி. இந்த வயசுல வேற எங்க எடுப்பான், அது வேற கத. ஆனா பொய் சொன்னேன்னு எழுதிட்டாங்க பாரு. பத்தொம்பது வருஷத்துல ஒடம்பு சரியில்லன்னு எம்சி லீவு கூடப் பொய்யா எடுத்தது கெடையாது. நான் எழுதினேன்னு ஒரே ஒரு வரி அந்தப் பைலுல இருந்தாப் போதும் எனக்கு.”

எழுதியிருந்தால் இருக்கும் அக்கா, இல்லையே என்றேன். எழுதினேன் என்றார். இல்லை என்றேன். இப்படியே ஐந்து நிமிடம். கடைசியில் எரிச்சலோடு, என் ஆபீஸில் இருக்கும் சோதனை மேசையைக் காட்டி, இதுவும் அதே மென்பொருள்தான், எப்படி எழுதினீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றேன். அவர் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

அக்கா உட்கார்ந்தார். பலகையை வைத்தார், ஸ்கேன் செய்தார், மூடியைச் சாத்தினார். பெட்டியில் ஒரு விரலால் ‘லொம்பாட்’ என்று தட்டினார். குதிக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே ‘பௌ ஹங்குஸ்’. தீய்ந்த வாடை. பிறகு கீழே பார்த்தார். கால் தரையில் எதையோ தேடியது.

“பெடல் இல்லியா?”

இழுப்பறையில் இன்னொன்று கிடந்தது. தூசி தட்டி மாட்டிக் கொடுத்தேன். மிதித்தார். கோடு ஓடியது, அரை நிமிடத்தில் பாஸ் என்று பச்சை விளக்கு வந்தது, அடுத்த பலகைக்காகத் திரை தன்னைத் துடைத்துக்கொண்டது. நான் கோப்பைத் திறந்தேன். எண் இருந்தது. நேரம் இருந்தது. அளவுகள் அத்தனையும் இருந்தன. குறிப்பு காலி.

மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன், அப்போதும் காலி.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியில் தட்டுகிற எழுத்து திரையில் உடனே தெரியும். ஆனால் எண்டர் அமுக்கினால்தான், அல்லது மவுஸால் வேறு எங்காவது அமுக்கினால்தான், மென்பொருளுக்குள் போகும். அதுவரை அது கண்ணாடியில் தெரிகிற முகம் மாதிரி, வெளியே தெரியும், உள்ளே இருக்காது. மற்ற ஐந்து மேசைகளில் மவுஸால் ஸ்டார்ட்டை அமுக்குகிறார்கள், அமுக்கியதும் எழுத்து உள்ளே போய்விடுகிறது. பெடல் மவுஸ் இல்லை. மிதித்தால் சோதனை மட்டும் தொடங்கும். எழுத்து வாசலிலேயே நின்று, கடைசியில் துடைக்கப்பட்டுவிடும்.

அக்காவுக்கு எண்டர் அமுக்கிப் பழக்கமே இல்லை. ஸ்கேனர் எண்ணைப் படித்ததும் எண்டரையும் தானே போட்டுக்கொள்கிறது. பிறகு எதற்கு அமுக்குவார்? எனக்கோ எதைத் தட்டினாலும் முடித்ததும் சுண்டுவிரல் தானாக எண்டரில் விழும், இருபது வருடப் பழக்கம். அன்றைக்குப் பத்துப் பலகை ஓட்டிப் பார்த்தபோது குறிப்புப் பெட்டியில் ஏதாவது தட்டிப் பார்த்தேனா என்பதே நினைவில்லை. தட்டியிருந்தாலும் என் சுண்டுவிரல் என்னை ஏமாற்றியிருக்கும்.

“என்ன தம்பி, வரலியா?”

வரலக்கா என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், பெடலைக் கழற்றி என் மேல் எறிந்திருக்கலாம். அவர் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. “அப்ப நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சுபோச்சுல்ல” என்றார். தெரிந்துபோச்சு அக்கா, நான் போய்ச் சொல்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

மார்ச்சிலிருந்து இவ்வளவு எழுதியும் யாரும் வந்து கேட்கவில்லையே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். லைன் லீடரிடம் ஒருமுறை சொன்னாராம், டைப் பண்ணிவிடுங்கள் அக்கா, மேலே பார்த்துக்கொள்வார்கள் என்றானாம். மேலே இருப்பவர்கள் படித்துவிட்டு, சரிதான் என்று விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டாராம். படித்தவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாள் நான்காம் மேசைக் கணினியின் நகல் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தேன். எங்காவது ஒரு ‘லொம்பாட்’, ஒரே ஒரு ‘ஹங்குஸ்’ ஒட்டிக்கொண்டிருக்காதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எழுத்து உள்ளேயே போகவில்லை என்றால் எங்கிருந்து வரும்? நாற்பது தடவையோ நானூறு தடவையோ, அந்த அம்மாள் ஒரு விரலால் தட்டியது அவ்வளவும் காற்றோடு போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷாருலைப் போய்ப் பார்த்து, என் மூன்று வரி தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஷாருல் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, அதை வைத்து எழுதிய அறிக்கை பலகை வாங்கியவர்களுக்கே போய்விட்டது, இனி திரும்ப வாங்க முடியாது என்றார். மென்பொருளில் ஓட்டை என்று இப்போது நீ எழுதிக் கொடுத்தால், ஒன்பது மாத அளவுகளையும் அவர்கள் சந்தேகப்படுவார்கள், ஆறு மேசைகளையும் இழுத்து மூட வேண்டிவரும் என்றார். அளவுகளில் கோளாறே இல்லை, எழுத்தில் மட்டும்தான் என்று தலைகீழாக நின்று சொன்னேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு அதைப் புரியவைக்க அவரால் முடியாது. வேண்டுமென்றால் விசாரணைக்கு வந்து சொல், அதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்றார்.

வியாழக்கிழமை போனேன். பெடலையும் மடிக்கணினியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். வேறு பிரிவிலிருந்து வந்த மூன்று மேலாளர்கள் நீள மேசையின் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம் தனியாக. கேள்வி கேட்டவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த இஸ்ஸதி. சின்ன வயசுப் பெண், மரியாதையாகப் பேசுகிறவள். அவளே கேட்டு, பதிலை அவளே கணினியில் தட்டிக்கொண்டாள். பேச்சு முழுவதும் மலாயில்.

நான் செய்து காட்டினேன். முதலில் தட்டிவிட்டு மவுஸ், பதிவானது. பிறகு தட்டிவிட்டுப் பெடல், பதிவாகவில்லை. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தாமே மிதித்துப் பார்த்தார். ஆஹா என்று தலையாட்டினார். அக்கா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இஸ்ஸதி கேட்டாள். இதனால் அவர் எழுதியிருந்தால் பதிவாகியிருக்காது என்று தெரிகிறது, எழுதினார் என்று தெரிகிறதா?  தெரியவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் தட்டிக்கொண்டாள்.

பெடல் வைக்க மாற்றப் படிவம் போட்டீர்களா? இல்லை. யார் அனுமதி கொடுத்தது? லைன் லீடர் பார்த்தான். லைன் லீடர் கையெழுத்து உண்டா? இல்லை, அவன் கூலிம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான், போன் எடுப்பதில்லை. பெடல் வேண்டும் என்று கேட்டது யார்?

அப்போதுதான் பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. நான் பதில் சொல்வதற்குள் அக்காவே கையைத் தூக்கி, நான்தான் கேட்டேன், கை வலித்தது என்றார். மறைக்கத் தெரியாத ஜென்மம். இஸ்ஸதி அதையும் தட்டிக்கொண்டாள்.

இதற்குக் கட்டணம் வாங்கினீர்களா என்று என்னைக் கேட்டாள். ஒரு பைசா வாங்கவில்லை என்றேன். வேறு ஏதாவது பெற்றுக்கொண்டீர்களா, பணமோ பொருளோ, இது வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் என்றாள்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. எங்கே பேசக்கூடாதோ அங்கே பேசுகிற வாய் இது. ஆமாம், முறுக்கு வாங்கித் தின்றேன், ஒரு டப்பா என்றேன். நக்கலாகத்தான் சொன்னேன். தமிழர்கள் நாலு பேர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. எப்போது என்று கேட்டாள். தீபாவளிக்கு என்றேன். அப்படியானால் பெடல் வைத்த பிறகு. ஐயோ, அது ஒவ்வொரு வருடமும் கொடுப்பது, ஆறு வருடமாகக் கொடுக்கிறார், எல்லோருக்கும் கொடுப்பார் என்றேன். ஆறு வருடமாகத் தொடர்ந்து என்று அவள் திருத்திக்கொண்டாள். விரல் நுனிகள் மெத்து மெத்தென்று விழுந்தன. கடைசியில் எண்டர்.

அதை எழுதாதீர்கள், அது விளையாட்டுக்குச் சொன்னது என்றேன். சொன்னதை எல்லாம் எழுத வேண்டும், அதுதான் விதி என்றாள், வருத்தத்தோடுதான். அக்கா நானூறு தடவை உண்மையாக எழுதியது ஒன்றும் பதிவாகவில்லை. நான் ஒரு தடவை வாய்க்கொழுப்பில் உளறியது அட்சரம் பிசகாமல் பதிவாகிவிட்டது. மேசையின் மறுபக்கத்தில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறுக்கில் என்ன தப்பு என்பது அவருக்குக் கடைசி வரை புரியவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அக்காதான் போனில் படித்துக் காட்டினார், ஆங்கிலம் என்பதால் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பழைய இரண்டு குற்றச்சாட்டும் ‘உறுதி செய்ய இயலவில்லை’. நிரூபணமாகிவிட்டது என்றும் இல்லை, பொய்க் குற்றச்சாட்டு என்றும் இல்லை. புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அனுமதியின்றிக் கருவியை மாற்றும்படி வெளியாளைக் கேட்டது, அவருக்குப் பரிசுப்பொருள் கொடுத்தது, அதன் விளைவாகக் கோளாறான சரக்கு வெளியே போனது. அது உறுதி. வேலை நீக்கம்.

நான் கத்தினேன். லேபர் ஆபீஸ் போவோம், வழக்குப் போடுவோம், நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன்.

“நீ சாட்சி சொன்னது போதும் தம்பி” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே போதும் என்றுதான் சொன்னார். அது இன்னும் மோசம்.

வழக்குக்கு எத்தனை மாதம் ஆகும் என்று பிறகு கேட்டார். இரண்டு வருடம்கூட ஆகலாம் என்றேன். அதில் ‘நான் எழுதினேன்’ என்று போடுவார்களா என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எழுதியது எங்கேயும் இல்லை. இல்லாததை எந்த நீதிமன்றத்துக்கு எடுத்துப் போவது?

இதில் எனக்கு என்ன ஆனது என்று கேட்டால் சிரிப்பு வரும். ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே ஒரு வேலை ஆணையும் வந்தது. ஆறு மேசைகளிலும் குறிப்புப் பெட்டியைத் திருத்த வேண்டும், ஒவ்வோர் எழுத்தும் தட்டும்போதே பதிவாக வேண்டும். நான்காம் மேசையில் பெடலைக் கழற்ற வேண்டும். மாற்றப் படிவத்தோடு. திருத்துவதற்கு ஒரே ஒரு இடத்தில் ஒரு டிக் போட்டால் போதும், அரை நிமிட வேலை. அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

பெடலைக் கழற்றிக்கொண்டு வெளியே வரும்போது ஜாகா பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். அன்றைக்குத்தான் அவர் வேலை அட்டையையும் தொழிற்சாலைக் காலணியையும் திருப்பிக் கொடுக்கும் நாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நாள் வந்திருப்பேன். வேலையை விட்டுப் போகிறவர்கள் விவரம் நிரப்புவதற்காக அங்கே சுவரில் ஒரு தொடுதிரைக் கணினி உண்டு. கீழே ஒரு தட்டில் விசைப்பலகை. பெயர், எண், சேர்ந்த தேதி எல்லாம் முடித்துவிட்டு அக்கா கடைசிக் கட்டத்தில் நின்றார். ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் மேல் ‘கருத்து’ என்று மலாயில் போட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும், வா தம்பி என்று கூப்பிட்டார். என் கையில் இருந்த பெடலையும் பார்த்தார்.  பெட்டிக்குத் திரும்பி ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். தட்டிவிட்டு எண்டரை அமுக்கினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினார். பிறகு மறுபடி. பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டிருந்த கர்சர் கோடு ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிப் போனது, எழுத்து மேலேயே நின்றது. பெட்டியில் இருந்தது மூன்றே சொல். மலாயில், நான் எழுதியிருந்தேன் என்று.

‘அனுப்பு’ என்கிற பொத்தானை நானே தொட்டேன். திரை வெளுத்தது. நன்றி என்று வந்தது. பெட்டி காலியாகி அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தது.

“உள்ள போயிருச்சா தம்பி?”

அந்த மென்பொருள் நான் எழுதியது இல்லை. யார் எழுதினார்கள், அந்தப் பெட்டியில் தட்டுவது எங்கே போகிறது, எங்காவது போகிறதா, போனால் யார் படிக்கிறார்கள் என்று எனக்கு எதுவுமே தெரியாது.

“போயிருச்சுக்கா” என்றேன்.